மூன்று வாரப் படுக்கையும் முப்பது ஆண்டு முதுமையும்

மாரடைப்பில் உயிர்பிழைத்தவரை அசையவிடாமல் கிடத்திவைப்பதே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவத்தின் நெறியாக இருந்தது. 4 வாரம், 6 வாரம் எனப் படுக்கை நீளும். உணவைப் பிறர் ஊட்டுவர். உடலைப் பிறர் துடைப்பர். தானே புரண்டு படுப்பதற்கும் தடையுண்டு. இந்நெறி அச்சத்தில் பிறந்தது. குருதி கிட்டாமல் மடிந்த தசைப்பகுதி தழும்பாகி இறுகுவதற்குச் சில வாரங்கள் ஆகும்; அதற்குள் இதயத்துக்கு வேலை கொடுத்தால் மெலிந்த சுவர் கிழிந்துவிடும் என்று மருத்துவர்கள் கருதினர். 1952-இல் பாசுட்டன் நகர மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்டு லௌனும் மாரடைப்பு நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கிச் சாய்வு நாற்காலியில் அமர்த்தினார்கள். நடக்க வைக்கவில்லை, அமர்த்தினார்கள், அவ்வளவே. அதுவே அன்று துணிச்சலான செயலாக எண்ணப்பட்டது.

ஓய்வு தீங்கற்றது என்ற நம்பிக்கை நம் வீடுகளிலும் ஆழ வேரூன்றியது. நெஞ்சுவலி என்று மருத்துவமனை சென்று திரும்பியவர் சமையலறைவரை நடந்தாலும் வீட்டார் பதறுகின்றனர். அன்பினால் வரும் பதற்றம் அது. ஆயினும் ஓய்வும் மருந்தைப் போன்றதே. அதற்கும் அளவுண்டு, அளவு மீறினால் பக்கவிளைவும் உண்டு. அந்தப் பக்கவிளைவை எண்களாக அளந்து காட்டிய ஆய்வு 1966-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலசு நகரில், டெக்சாசுப் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவப் பள்ளியில் நடந்தது. சுவீடன் நாட்டு உடலியங்கியல் அறிஞர் பெங்ட் சால்ட்டின், அவருடன் குன்னார் புளோம்குவிசுட்டு, செரி மிட்செல் முதலியோர் அதை நடத்தினர். முடிவுகள் 1968-இல் வெளிவந்தன. அரை நூற்றாண்டு கடந்தும் உடற்பயிற்சி உடலியங்கியலைக் கற்போர் முதலில் படிக்கும் ஆய்வுகளுள் ஒன்றாக அது நிற்கிறது.

ஆய்வுக்கு உட்பட்டோர் ஐவர் மட்டுமே. ஏறத்தாழ 20 அகவையினர், நோயற்றவர். இருவர் முறையாக உடற்பயிற்சி செய்து வந்தவர்கள். மூவர் அவ்வாறு செய்யாதவர்கள். முதலில் ஐவரின் உடல்திறனும் அளக்கப்பட்டது. பின்னர் 3 வாரம் முழுப் படுக்கை. எழுந்து நிற்கவும் இசைவில்லை. அதன்பின் 8 வாரம் கடும் ஓட்டப்பயிற்சி. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அதே அளவைகள் மீண்டும் எடுக்கப்பட்டன.

அந்த அளவை முறையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். இளைஞர் ஓடுபொறியின் மேல் ஓடுகிறார். மூக்கைக் கவ்வி அடைத்திருக்கிறது. வாயில் ஒரு குழல். உள்ளிழுப்பது அறையின் காற்று. வெளிவிடும் மூச்சு முழுவதும் ஒருவழித் தடுக்கிதழ் வழியே ஒரு பெரிய பைக்குள் சேர்கிறது. ஆக்சுபோர்டு அறிஞர் டக்ளசு 1911-இல் வகுத்த பை அது; இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. பையில் எவ்வளவு காற்று, அதில் எவ்வளவு உயிர்வளி எஞ்சியிருக்கிறது என்று பகுத்தறிந்தால், உடல் நிமிடத்துக்கு எவ்வளவு உயிர்வளியை நுகர்ந்தது என்பது கிடைத்துவிடும். ஓடுபொறியின் சாய்வு படிப்படியாக ஏற்றப்படுகிறது. சாய்வு ஏறியும் உயிர்வளி நுகர்வு ஏறாமல் நின்றுவிடும் ஓர் உச்சம் வரும். அதுவே பெரும உயிர்வளி நுகர்வு. இதயமும் நுரையீரலும் குருதியும் தசையும் சேர்ந்து செய்யக்கூடிய பணியின் எல்லை அந்த ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது.

இன்னும் ஒன்று அளக்க வேண்டும்: இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு குருதியை இறைக்கிறது? இதற்காகச் சிரைக்குள்ளும் தமனிக்குள்ளும் மெல்லிய குழல்கள் செருகப்பட்டன. ஓடிக்கொண்டிருக்கும்போதே சிரைவழியாகப் பச்சைச் சாயம் சிறிதளவு செலுத்தப்படும். சாயம் இதயத்தைக் கடந்து தமனிக்கு வந்து சேரும்போது அதன் செறிவு எப்படி எழுந்து எப்படித் தணிகிறது என்பதை ஒளியளவி வரைந்து காட்டும். குருதியோட்டம் மிகுந்திருந்தால் சாயம் விரைந்து நீர்த்துக் கரையும். குறைந்திருந்தால் நெடுநேரம் தங்கும். அந்த வளைகோட்டின் பரப்பிலிருந்து இறைப்பளவு கணக்கிடப்படுகிறது.

கணக்கு எளியது. செருமானிய அறிஞர் அடால்ஃப் ஃபிக் 1870-இல் சொன்ன விதி அதற்கு அடிப்படை. உடல் நுகரும் உயிர்வளி என்பது, இதயம் இறைக்கும் குருதியின் அளவை, ஒவ்வொரு லிட்டர் குருதியும் தசைகளுக்குக் கொடுத்துவிட்டு வரும் உயிர்வளியால் பெருக்கக் கிடைப்பது. படுக்கைக்கு முன் ஐவரின் சராசரி: இறைப்பளவு நிமிடத்துக்கு 20 லிட்டர், ஒவ்வொரு லிட்டரும் கொடுத்த உயிர்வளி ஏறத்தாழ 165 மில்லிலிட்டர். பெருக்கினால் 3.3 லிட்டர். 3 வாரப் படுக்கைக்குப் பின் நுகர்வு 2.4 லிட்டராக விழுந்தது. கால் பங்குக்கும் மேற்பட்ட இழப்பு!

அந்த இழப்பு எங்கே நேர்ந்தது என்பதே ஆய்வின் உயிர்நாடி. தசைகள் குருதியிலிருந்து உயிர்வளியை உறிஞ்சும் திறன் குன்றவில்லை. லிட்டருக்கு 165 மில்லிலிட்டர் என்ற அளவு அப்படியே இருந்தது. இதயத்தின் உச்சத் துடிப்பும் குறையவில்லை. நிமிடத்துக்கு 193 என்பது 197 ஆனது. ஒவ்வொரு துடிப்பும் வெளியேற்றும் குருதிதான் 104 மில்லிலிட்டரிலிருந்து 74-க்கு இறங்கியிருந்தது. இறைப்பளவு 20 லிட்டரிலிருந்து 15 லிட்டருக்கும் கீழே போயிற்று. நெஞ்சின் கதிர்ப்படங்களில் இதயத்தின் பருமனே பத்தில் ஒரு பங்கு சுருங்கித் தெரிந்தது. இருபது அகவை இளைஞனின் இதயம், எந்த நோயும் தீண்டாமல், மூன்றே வாரத்தில் இந்நிலையை அடைந்தது.

படுத்திருக்கும் உடலில் இது நேரும் வழி தெளிவாகவே அறியப்பட்டிருக்கிறது. நிற்கும்போது புவியீர்ப்பு குருதியில் ஒரு பகுதியைக் கால்களில் தேக்கி வைக்கிறது. படுத்தவுடன் அது நெஞ்சுக்குள் திரும்புகிறது. இதய மேலறைகளின் சுவர் விரிய, உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று உடல் கொள்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. சில நாளில் குருதிநீரின் அளவு குறைகிறது. பின்னர் எழுந்து நிற்கையில் இதயத்துக்குத் திரும்பும் குருதி போதாது, தலை சுற்றுகிறது. இதயத்தசையின் இயல்பு ஒன்று இங்கே முன்வருகிறது: நிரம்பி விரிந்த அளவுக்கே அது வலிந்து சுருங்கும். ஓட்டோ ஃபிராங்கும் எர்னசுட்டு சுட்டார்லிங்கும் நிறுவிய உண்மை இது. நிரம்பாத அறை வலிந்து இறைக்காது. வாரங்கள் செல்லச் செல்லக் குருதியின் குறைவோடு தசையின் தேய்வும் சேர்கிறது. பிற்காலத்தில் டாலசு அறிஞர்களே காந்த ஒத்ததிர்வுப் படங்களைக் கொண்டு கணித்தபோது, 6 வாரப் படுக்கையில் இடது கீழறைத் தசையின் நிறை ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்திருக்கக் கண்டனர். 6 வாரம் என்பது, பழைய மருத்துவர்கள் மாரடைப்பு நோயாளிக்கு விதித்த அதே காலம். காப்பதற்காக விதித்த படுக்கை, முன்பே தசையிழந்த இதயத்தின் எஞ்சிய தசையையும் தேய்த்திருக்கிறது.

பயிற்சியின் 8 வாரம் நேர்மாறான விளைவைத் தந்தது. உயிர்வளி நுகர்வு 3.9 லிட்டராயிற்று, படுக்கைக்கு முன்னிருந்த நிலையையும் அது கடந்துவிட்டது. துடிப்பளவு 120 மில்லிலிட்டர். உழைப்பில்லாத மூவரிடத்தே ஏற்றம் மிகுதி. ஏற்கெனவே பயிற்சியுடைய இருவரிடத்தே குறைவு. உச்சத் துடிப்பு வீதமோ இம்முறையும் ஏறத்தாழ அசையாமல் நின்றது.

இதயத்தின் பணியை ஓர் ஓட்டத்தின் முதல் நொடியிலிருந்து பின்தொடர்ந்தால் இவ்வெண்களின் பொருள் விளங்கும். ஓட முனையும் எண்ணம் எழும்போதே மூளையிலிருந்து ஆணை புறப்படுகிறது. ஓய்வில் இதயத்தைக் கடிவாளமிட்டு வைத்திருக்கும் வேகசு நரம்பு தன் பிடியைத் தளர்த்துகிறது. அடுத்த ஓரிரு துடிப்பிலேயே வேகம் கூடிவிடும். பிறகு பரிவு நரம்புகள் தூண்டப்பட்டுத் துடிப்பின் விரைவும் வலிமையும் ஒருங்கே ஏறுகின்றன. சுருங்கி விரியும் காலின் தசைகள் சிரைகளைப் பிழிந்து குருதியை இதயத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஆழ்ந்த மூச்சும் அதை மேல்நோக்கி இழுக்கிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் தமனிகள் ஒடுங்க, உழைக்கும் தசைகளுக்குச் செல்வன அகன்று திறக்கின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இறைக்கும் இதயம் உச்ச உழைப்பில் 20 லிட்டர் இறைக்கிறது; நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு வீரர், மிதிவண்டி வீரர் ஆகியோரில் தேர்ந்தவரிடம் இது 35 லிட்டரையும் தாண்டும். ஓய்வில் ஐந்தில் ஒரு பங்கைப் பெற்ற தசைகள் அப்போது ஐந்தில் நான்கு பங்கைப் பெறுகின்றன.

இவற்றுள் எது எல்லையைக் குறிக்கிறது? தசைகள் வாங்க இயலாமல் நிற்கின்றனவா, இதயம் வழங்க இயலாமல் நிற்கிறதா? சால்ட்டின் இவ்வினாவை விடவில்லை. 1985-இல் பெர் ஆண்டர்சனுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் அவர் ஒரே ஒரு தசைத்தொகுதியை மட்டும் இயக்கினார். அமர்ந்த நிலையில் ஒருவர் ஒற்றைக் காலின் முழங்காலை மட்டும் மீண்டும் மீண்டும் நீட்டுகிறார். தொடையின் முன்தசை தவிர மற்றவை ஓய்வில். இதயத்தின் கொடை முழுவதும் அந்தச் சிறு தசைக்கே திறந்திருக்கிறது. அப்போது அத்தசை ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 2.5 லிட்டர் அளவு குருதியை ஏற்றது. முழு உடலும் ஓடும்போது தசைகளுக்குக் கிடைப்பதைக் காட்டிலும் இது மிகவும் கூடுதல். உடலின் தசைகளெல்லாம் ஒருசேர இவ்வாறு வாய்திறந்தால் எந்த இதயமும் அவற்றை நிரப்ப முடியாது, குருதியழுத்தமே குலைந்துவிடும். ஆகவே முழு ஓட்டத்தில் உழைக்கும் தசைகளின் தமனிகளையும் நரம்புகள் ஓரளவு இறுக்கியே வைத்திருக்கின்றன. உயிர்வளி நுகர்வின் எல்லையை நலமுற்றவரிடம் பெரிதும் வகுப்பது இதயமே.

பயிற்சி மாற்றுவது இதயத்தின் அறையை மட்டுமன்று. குழாய்களின் உட்படலத்தையும் அது மாற்றுகிறது. 1980-இல் இராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளைக் கொண்டு செய்த ஆய்வொன்றில், உட்படலம் சிதையாத துண்டுகள் அசிட்டைல்கோலின் பட்டவுடன் தளர்வதையும், உட்படலம் உரசி நீங்கிய துண்டுகள் தளராமல் நிற்பதையும் காட்டினார். வெறும் உறையென்று எண்ணப்பட்ட அந்த ஓரணுப் படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து தமனித் தசையைத் தளர்த்துகிறது என்பது அதனால் தெரிந்தது. அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளி எனப் பின்னர் அறியப்பட்டது. அதற்கான நோபல் பரிசு 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராடு மூவருக்கும் வழங்கப்பட்டது. உடற்பயிற்சிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு ஓட்டத்தின் உராய்வில் இருக்கிறது. குருதி விரைந்தோடும்போது படலத்தின் அணுக்களை நீளவாக்கில் இழுத்து வருடுகிறது. அவ்வருடல் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் தூண்டுதல். நாள்தோறும் அது நிகழ்ந்தால் சுரப்புக்கு வேண்டிய நொதியும் மிகுகிறது. தமனி எளிதில் விரிகிறது. வெள்ளணுக்களும் குருதித் தட்டுகளும் சுவரில் ஒட்டுவது குறைகிறது. இதயத்துக்கே குருதி ஊட்டும் முடியுருத் தமனிகளுக்கு இது இன்றியமையாதது. ஏனெனில் இதயத்தசை ஓய்வின்போதே தனக்கு வரும் உயிர்வளியில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்கிறது. மேலும் வேண்டுமெனில் கூடுதலாக உறிஞ்ச இடமில்லை. கூடுதலான குருதிதான் வரவேண்டும்.

ஆய்வகத்துக்கு வெளியே, பெருந்திரளான மக்களிடம் இதன் தடத்தை முதலில் கண்டவர் இலண்டனின் செரெமி மோரிசு. ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் பணிநேரம் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறியிறங்குவார். நடத்துநர்களிடம் மாரடைப்பு குறைவு என்று 1953-இல் மோரிசு வெளியிட்டார். ஓட்டுநர் பணிக்கு வரும்போதே பருமனாக வந்தனரோ என்ற ஐயத்தை அவரே எழுப்பி, சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவேடுகளைப் புரட்டி, இளம் ஓட்டுநரும் பருத்த இடுப்பினராகவே இருந்தனர் என்பதையும் மறைக்காமல் எழுதினார். அறிவியலில் நான் பெரிதும் மதிக்கும் நேர்மை இது.

மீண்டும் டாலசு. 1996-இல், 50 அகவையை எட்டிவிட்ட அதே ஐவரும் அதே மருத்துவப் பள்ளிக்கு வந்தனர். உடல் எடை சராசரி 77 கிலோவிலிருந்து 100-க்கு ஏறியிருந்தது. கொழுப்பின் பங்கு 14 விழுக்காட்டிலிருந்து 28. அவர்களின் உயிர்வளி நுகர்வு 3.3 லிட்டரிலிருந்து 2.9 லிட்டருக்குக் குறைந்திருந்தது. 30 ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்தது எட்டில் ஒரு பங்கு. இருபதில் கிடந்த 3 வாரம் பறித்ததோ கால் பங்குக்கும் மேல். இந்த ஒப்பீட்டை முதன்முதலாகப் படித்தபோது எண்களை இருமுறை சரிபார்த்தேன். ஐவர் என்பது சிறிய தொகைதான். ஆயினும் ஒருவரை அவரோடே ஒப்பிடுவதால் எண்ணிக்கையின் குறை பெரிதும் ஈடாகிறது.

இழப்பின் இடமும் இம்முறை வேறு. உச்சத் துடிப்பு வீதம் 193-லிருந்து 181-க்கு இறங்கியிருந்தது. அகவை ஏற எவருக்கும் இது குறையும். அதை ஈடுசெய்யத் துடிப்பளவு 104-லிருந்து 121 மில்லிலிட்டராகக் கூடியிருந்தது. எனவே இறைப்பளவு குன்றவில்லை. குன்றியது தசைகள் உயிர்வளியை உறிஞ்சும் திறன். பின்னர் 6 மாதம் படிப்படியாக ஏற்றப்பட்ட பயிற்சி: நடை, மெல்லோட்டம், மிதிவண்டி. முடிவில் நுகர்வு மீண்டும் 3.3 லிட்டர்! இருபதில் படுக்கைக்கு முன் இருந்த அதே அளவு. மீட்பு வந்ததும் தசைகளின் வழியாகவே: நுண்குழாய்கள் பெருகுவதும், உயிர்வளியை எரித்து ஆற்றலாக்கும் இழைமணிகள் மிகுவதும் அங்கே நிகழும் மாற்றங்கள். இதயத்தின் உச்ச இறைப்பளவு இம்முறை ஏறவில்லை. மேலும் 10 ஆண்டு கழித்து, 60 அகவையில், ஐவரையும் மூன்றாம் முறை அளந்தபோது சரிவு விரைந்திருந்தது. 40 ஆண்டில் மொத்த இழப்பு 27 விழுக்காடு. அப்போதுதான் அது பழைய 3 வாரப் படுக்கையின் இழப்போடு சமமாயிற்று.

ஐம்பதில் பயிற்சிக்குப் பின்னும் இதயத்தின் இறைப்பு ஏன் ஏறவில்லை? அதே டாலசில் பெஞ்சமின் லெவின் தலைமையிலான குழு இவ்வினாவைத் தன் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டது. கொல்லன் துருத்தியின் தோல் பதமாக இருக்கும்வரை காற்றை நிறைய வாங்கும். காய்ந்து விறைத்தபின் எவ்வளவு இழுத்தாலும் சிறிதே வாங்கும். இடது கீழறையும் அவ்வாறே. உழைப்பின்றி முதுமை அடைந்தவரிடம் அதன் சுவர் விறைத்து, நிரம்ப மறுக்கிறது. நிரம்புவதற்கு மிகுந்த அழுத்தம் வேண்டும். அவ்வழுத்தம் நுரையீரலுக்குப் பின்வாங்கி மூச்சுத்திணறலாக வெளிப்படும். சுருங்கும் வலிமை குறையாமலே இதயம் செயலிழக்கும் நோய்க்கு இதுவே முன்னோடி. வாழ்நாள் முழுதும் ஓடிவந்த முதியவர்களின் கீழறையோ உழைப்பற்ற இளைஞர்களுடையதைப் போல் இளக்கமாக இருந்ததை இக்குழு 2004-இல் கண்டது. எத்தனை நாள் பயிற்சி போதும் என்று ஆராய்ந்தபோது, வாரம் 2, 3 நாள் செய்து வந்தோரிடம் இவ்விளக்கம் பெரிதாகக் காணப்படவில்லை; 4, 5 நாள் செய்து வந்தோரிடம் காணப்பட்டது.

பிறகு தொடங்கினாலும் பயன் உண்டா? 45-லிருந்து 64 வரை அகவையுள்ள, நோயற்ற, உழைப்பற்ற 61 பேரைச் சீட்டெடுப்பு முறையில் இரு குழுவாகப் பிரித்து 2 ஆண்டு நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. இறுதிவரை நின்றவர் 53 பேர். ஒரு குழுவுக்கு ஓகமும், சமநிலைப் பயிற்சியும், எடைப் பயிற்சியும். மற்றக் குழுவுக்கு வாரம் 4, 5 நாள் மெல்ல ஏற்றப்பட்ட ஓட்டமோ நடையோ மிதிவண்டியோ. அதில் ஒரு நாள் கடினமானது: 4 நிமிடம் இதயம் தன் உச்சத்தை நெருங்கும் வேகம், 3 நிமிடம் மெல்லிய அசைவு, இவ்வாறு நான்கு முறை. 2 ஆண்டு முடிவில் இக்குழுவினரின் உயிர்வளி நுகர்வு 18 விழுக்காடு ஏறியது. இடது கீழறையின் விறைப்பு கால் பங்குக்கும் மேல் குறைந்தது. மற்றக் குழுவினரிடம் விறைப்பு மாறவில்லை. ஐம்பதை ஒட்டிய இதயத்தை இளக்க 6 மாதம் போதவில்லை. 2 ஆண்டு போதியது என்று நான் இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கிறேன்.

65-ஐக் கடந்தவர்களிடம் இதே குழு முன்னரே ஓராண்டுப் பயிற்சியை நடத்தி 2010-இல் வெளியிட்டிருந்தது. அங்கே கீழறையின் விறைப்பு குறையவில்லை. தசையிழைகளுக்கிடையே உள்ள கொலாசன் புரதம் சர்க்கரையோடு பிணைந்து நெடுங்காலமாக இறுகிப்போயிருப்பது காரணமாகலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். அப்பிணைப்புகளை அறுக்கும் மருந்தைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தும் பார்த்தார்கள், பெரும்பயன் விளையவில்லை. ஆயினும் அந்த முதியவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. அவர்களின் உயிர்வளி நுகர்வு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. இதயம் எதிர்த்து இறைக்க வேண்டிய தமனிகளின் சுமை குறைந்திருந்தது. கீழறையின் தசையும் வளர்ந்திருந்தது. எழுபதில் நடக்கத் தொடங்கும் ஒருவருக்கு மாடிப்படி எளிதாவதற்கு இம்மாற்றங்களே போதுமானவை.